அனுமதி உண்டு, தங்க இடம் எங்கே?

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளிவந்து, வெட்டுப்புள்ளி அறிவிக்கப்பட்டு, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானோர் இன்னார் எனத் தெரியவரும் நாள் தமிழ்க் குடும்பங்களுக்குத் திருநாள் போன்றது. கோயிலில் அருச்சனை நடைபெறும். அயலவர் வீடுகளுக்குக் கற்கண்டு போகும். ஆனால் அன்று இரவே தகப்பனாரின் நித்திரையைக் கெடுக்கும் கேள்வியொன்று வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பிள்ளை எங்கே தங்குவது?

முல்லைத்தீவு விவசாயியின் மகளுக்கு ருகுணுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. மன்னார்க் கடற்றொழிலாளியின் மகன் மொறட்டுவைக்கு அனுப்பப்படுகிறான். அவ்வாறே மாத்தறையிலிருந்தும் குருநாகலிலிருந்தும் சிங்களப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் வந்து சேருகின்றனர். விண்ணப்பப் படிவத்தில் விருப்ப ஒழுங்கை எழுதுபவன் மாணவன் என்பது உண்மையே. எனினும் முடிவு செய்வது 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவாகும். அவ்வாணைக்குழு ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து இருநூறு மைலுக்கப்பால் அனுப்பிவிட்டு, அங்கே அப்பிள்ளை உறங்கும் இடத்தைத் தன் கவலைக்கு அப்பாற்பட்டதெனக் கருதுமாயின், அது நியாயமாகாது. ஒருவனை ஓரிடத்துக்கு வரும்படி பணிப்பவன் அவனுக்கு நிற்க இடமும் காட்டுதல் வேண்டும் என்பது நீதிமன்றப் படி ஏறாதவர்களுக்கும் விளங்கும் நியாயம்.

பல்கலைக்கழகங்களில் விடுதிகளே இல்லை என நாம் கூறவில்லை. உண்டு, போதா. ஆகவே பெரும்பாலான இடங்களில் முதலாம் ஆண்டினருக்கும் இறுதியாண்டினருக்கும் முதலுரிமை. எஞ்சிய இடங்கள், வீட்டின் தூரத்தையும் பெற்றோரின் வருமானத்தையும் பார்த்துப் பங்கிடப்படும். இடையிலுள்ள ஆண்டுகளில் மாணவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை தேடி வெளியே செல்ல வேண்டும். முதலாம் ஆண்டில் வறியவனாக இருந்தவன் இரண்டாம் ஆண்டில் செல்வந்தனாகிவிடுகிறானா? அல்லது முல்லைத்தீவு மாத்தறைக்கு அருகில் நகர்ந்துவிடுகிறதா?

ஈற்றில் அவன் கண்டடையும் அறை எத்தகையது? திருநெல்வேலி, கோண்டாவில், கொக்குவில் ஒழுங்கைகளில் நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள். முற்பணமாகப் பல மாத வாடகை. எழுத்தில் உடன்படிக்கை கிடையாது, பற்றுச்சீட்டும் கிடையாது. ஆறுபேர் தங்கும் வீட்டுக்கு ஒரு கிணறு, ஒரு மலசலகூடம். வீட்டுக்காரர் கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார் என்றால், பரீட்சைக் காலமாயினும் வெளியேற வேண்டியதுதான். இவ்வாறு ஓர் அறையில் ஒண்டிக்கொண்டிருக்கும் மாணவனுக்கு, வாடகைக் குடியிருப்பாளனுக்குச் சட்டம் தரும் பாதுகாப்புத்தானும் பெரும்பாலும் கிட்டுவதில்லை. வீட்டுக்காரரின் இணக்கத்தின் பேரில் தங்கியிருப்பவன் என்பதே அவனுடைய நிலை. இணக்கம் நீங்கினால் இருப்பும் நீங்கும். வீட்டுக்காரர் எல்லோரும் கொடியவர் என நாம் சொல்ல வரவில்லை. தம் பிள்ளைபோல் சோறு போட்டுப் பார்த்தவர்களும் அவர்களுள் இருக்கின்றனர். ஆனால் நாட்டின் உயர்கல்வியைத் தனியாரின் நல்ல மனத்தில் கட்டிவைத்தல் ஆகாது.

மகாபொல உதவிப்பணம் இருக்கிறதே எனச் சிலர் கேட்பர். 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வரவேற்கத்தக்கதே. கணக்கிட்டுப் பார்த்தால் அத்தொகை அன்று நாளொன்றுக்கு 250 ரூபாவாக இருந்தது. அறை வாடகையும் மூன்று வேளை உணவும் பேருந்துச் செலவும் அதற்குள் அடங்குமா என்பதைத் திருநெல்வேலிச் சந்தையில் ஒருநாள் காய்கறி வாங்கியவரிடம் கேட்டால் போதும். மிகுதிக்கு வழி என்ன? தாயின் காப்பு அடகுக் கடைக்குப் போகிறது. வெங்காயத்தைப் பச்சையாகவே விலைபேசி விற்றுவிடுகிறார்கள். போகத்துக்கு முன்பே நெல்லுக்கு முற்பணம் வாங்கி, அறுவடையில் அடிமாட்டு விலைக்கு அளந்து கொடுக்கிறார்கள். 1945 ஆம் ஆண்டில் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி விரிவுரை மண்டபத்தின் வாசலோடு நின்றுவிட்டது. வெளியே கால் வைத்தவுடன் எல்லாவற்றுக்கும் விலை.

இந்நாட்டுப் பல்கலைக்கழகம் தொடங்கிய விதம் இதுவன்று. 1906 ஆம் ஆண்டில் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமெனச் சங்கம் அமைத்துக் குரல் எழுப்பினார். 1942 இல் பல்கலைக்கழகம் பிறந்தது. முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் அதனை விடுதிப் பல்கலைக்கழகமாகவே அமைக்க எண்ணினார். 1952 இல் பேராதனைக்குப் பெயர்ந்தபோது, மகாவலிக் கரையில் விரிவுரை மண்டபங்களுக்கு ஈடாக விடுதி மண்டபங்களும் எழுந்தன. அவற்றுள் ஒன்றுக்கு அருணாசலத்தின் பெயர். இன்னொன்றுக்கு அவருடைய தமையனார் இராமநாதனின் பெயர். கத்தியும் முள்ளும் பிடிக்கக் கற்பித்த ஆங்கிலப் பாசாங்கு அங்கே ஏராளமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் மாணவன் எங்கே உறங்குகிறான், என்ன உண்கிறான், யாரோடு பழகுகிறான் என்பனவும் கல்வியின் பகுதியே என்ற கொள்கை சரியானது. 1960 ஆம் ஆண்டு முதல் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளாகி, கிராமப்புறப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. தொகை பெருகிற்று, விடுதிகள் அதற்கேற்பப் பெருகவில்லை. நகரத்துச் சீமான்களின் பிள்ளைகள் படித்த காலத்தில் இன்றியமையாததாக இருந்த விடுதி, கமக்காரனின் பிள்ளை வந்து சேர்ந்ததும் ஆடம்பரமாகிவிட்டது!

மாவட்ட அடிப்படையிலான அனுமதியின் நியாய அநியாயங்களை இங்கே வாதிக்க எமக்கு எண்ணமில்லை; அதனால் எழுந்த கசப்பைத் தமிழ் மக்கள் மறந்தவர்களல்லர். ஆனால் இடங்களில் பெரும்பகுதி மாவட்டங்களுக்கென ஒதுக்கப்பட்டு, பின்தங்கிய மாவட்டங்களுக்கென 5 விழுக்காடு தனியாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. வசதியற்ற பிள்ளை உள்ளே வரவேண்டும் என்பதுதானே இதன் கருத்து? அவ்வாறு உள்ளே அழைத்த பிள்ளைக்கே விடுதி யாவரினும் அதிகமாகத் தேவைப்படுகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரைப் பாருங்கள். விவசாய பீடமும் பொறியியற் பீடமும் அங்கே இயங்குகின்றன. போரினால் தரைமட்டமாகி, மீண்டும் குடியேறிய பிரதேசம் அது. ஊரவருக்கே வீடு போதாத இடத்தில் வாடகை அறையை எங்கே தேடுவது?

விடுதிகள் பகிடிவதையின் கூடாரங்கள், அவற்றைப் பெருக்காதீர்கள் என்று சொல்லும் பெரியோரும் உளர். அவர்களுடைய அச்சம் வெறும் கற்பனையன்று. 1975 ஆம் ஆண்டில், அந்த இராமநாதன் மண்டபத்தின் மாடியிலிருந்தே, வதை பொறுக்காத விவசாய பீட மாணவி ஒருத்தி கீழே குதித்தாள். எஞ்சிய வாழ்நாளை முடமாகிக் கழித்தாள். 1997 இல் பேராதனைப் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையால் சிறுநீரகம் கெட்டு மாண்டான். மறு ஆண்டில் 20 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. வதை இன்னும் ஒழியவில்லை. ஆனால் விடுதியை மூடினால் வதை ஒழியுமா? பொறுப்பானவர் எவருமில்லாத வாடகை வீட்டுக்கு அது இடம் மாறும், அவ்வளவே. வேண்டியது பெயருக்கு ஒரு விடுதிக் காப்பாளரன்று. இரவில் அங்கேயே தங்குபவராக, தமிழும் சிங்களமும் பேசுபவராக, முல்லைத்தீவிலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தால் அவள் மொழியில் பதில் சொல்பவராக ஒருவர் வேண்டும்.

இன்னுமொன்று உண்டு. 1983 மே மாதத்தில் பேராதனையில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டு விடுதிகளை விட்டு ஓடினர். 2016 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான பீட வரவேற்பு விழாவில் எழுந்த மோதலின் பின் சிங்கள மாணவர் பேருந்துகளில் ஏறி ஊர் சென்றனர். முன்னதைப் பேசும் நாம் பின்னதை விழுங்கிவிடலாகாது. விருந்தினராக வந்த பிள்ளை அஞ்சி ஓடுமாயின் இழிவு வீட்டுக்குடையோருக்கே. இனவாரியாகத் தனித்தனி விடுதி கட்டினால் சண்டை வராது என்பாரோடு எமக்கு உடன்பாடில்லை. ஆண்டுக்கணக்காக ஒரே பீடத்தில் படித்தும் ஒருவரோடொருவர் பேசாமற் பட்டம் பெற்றுச் செல்லும் மருத்துவரும் பொறியியலாளரும் இந்நாட்டுக்கு எதற்கு? சமஷ்டி கேட்பது அண்டை வீட்டானோடு கண்ணியமாக வாழ்வதற்கே. முகம் பாராமல் வாழ்வதற்கன்று.

வெளிநாடுகளிலுள்ள எம்மவர் ஊர்க்கோயில்களுக்கு வானளாவிய கோபுரங்களை எழுப்புகின்றனர். கோபுரம் வேண்டாம் என்று சொல்ல நாம் நாத்திகரல்லர். ஆயின் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவிலேதான் 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது என்பதையும், கோயில் கட்டிய அதே கைதான் அக்கல்லூரியையும் கட்டியது என்பதையும் ஊர்ச்சங்கங்கள் நினைவிற்கொள்ளலாம். சங்கம் ஒவ்வொன்றும் பல்கலைக்கழகத்தின் அனுமதியோடு பத்துப் பிள்ளைகளுக்கு இடம் கட்டிக் கொடுத்தாற்கூட அது சிறிய காரியமன்று. எனினும் தருமம் அரசின் கடமைக்கு ஈடாகாது. வரி செலுத்துபவன் பிச்சை கேட்க வேண்டியதில்லை.

நாடாளுமன்றத்தில் கல்வி அமைச்சின் செலவினத் தலைப்பு விவாதத்துக்கு வரும் நாளில், வடக்கு கிழக்கு உறுப்பினர்கள் மூன்று வினாக்களை எழுத்திற் கொடுத்து எழுத்தில் விடை பெறுதல் வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இரண்டாம் மூன்றாம் ஆண்டு மாணவருள் விடுதி கேட்டு மறுக்கப்பட்டோர் எத்தனை பேர்? அவர்களுள் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீட்டில் வந்தவர் எத்தனை பேர்? அனுமதி அறிவித்தலோடு, விடுதி உண்டா இல்லையா என்பதையும் அதே நாளில் பெற்றோருக்கு அறிவிக்க ஆணைக்குழுவுக்கு உள்ள தடை யாது?