காதைக் கேட்காத விமரிசனம்

இயர்போனுக்கு மார்க் போடுகிறவர்கள் நாட்டில் பெருகிவிட்டார்கள். சினிமாவுக்கு மார்க் போட்டார்கள். ஓட்டல் சாம்பாருக்குப் போட்டார்கள். இப்போது காதுக்குள் செருகிக் கொள்ளும் சுண்டுவிரல் நுனியளவு சாமானுக்கும் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். எழுதட்டும். தீர்ப்புச் சொல்வது நம்மவர்களுக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. ஆனால் அந்தத் தீர்ப்புகளைப் படித்துப் பாருங்கள். வழக்கில் முக்கியக் கட்சிக்காரரான காதை ஒரு தடவைகூடக் கூண்டில் ஏற்றி விசாரித்திருக்க மாட்டார்கள். சாமானின் நிறம், டப்பா மூடுகிற அழகு, சார்ஜ் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதெல்லாம் விஸ்தாரமாக இருக்கும். கடைசியில், "சவுண்ட் பிரமாதம், பேஸ் அதிர்கிறது, காதுக்குச் சௌகரியம்" என்று ஒரே வரி. குளிரூட்டிய அறையில் ஐந்து நிமிஷம் மாட்டிக் கொண்டு உட்கார்ந்தவருடைய காதுக்கு எதுதான் சௌகரியமாக இராது?

நான் சொல்ல வந்த காதுகள் வேறு. ஸ்ரீபெரும்புதூர் என்றதும் நம் தாத்தாமார்களுக்கு ராமானுஜர் ஞாபகம் வருவார். பேரப் பிள்ளைகளுக்குச் செல்போன் ஞாபகம் வருகிறது. அங்கிருந்து சுங்குவார்சத்திரம் வரையிலும், இந்தப் பக்கம் வல்லம், ஒரகடம் வரையிலும் ஷிப்டு மாறுகிற வேளையில் போய் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். ஜன்னலோரத்தில் சாய்ந்த தலைகளில் பாதிக்கு மேல் காதில் ஏதோ செருகியிருக்கும். திருவண்ணாமலைப் பக்கமும் விழுப்புரத்துப் பக்கமும் இருந்து வந்த பெண் குழந்தைகள். இவர்களுக்காக வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் அரசாங்கம் ஒரு விடுதியைத் திறந்தது. 18,720 பேர் தங்கலாம். செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். நல்ல காரியம்தான். ஆனாலும் அத்தனை பேர் ஒரே வளாகத்தில் வாழும்போது, ஒரு பெண்ணுக்குத் தனியறை என்று ஒன்று உண்டானால் அது அவளுடைய இரண்டு காதுகளுக்கு நடுவில்தான் இருக்க முடியும். அந்த அறையின் கதவு இந்த இயர்போன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நோக்கியா கம்பெனி 2006-ல் இங்கே ஆலை திறந்து 2014-ல் மூடியது. அந்தக் காலத்தில் பல போன்களுக்குப் பெட்டிக்குள்ளேயே ஒரு ஜோடி இயர்போன் சுருட்டி வைத்திருப்பார்கள். இப்போது சுங்குவார்சத்திரத்துப் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது. ஆப்பிள் கம்பெனியோ 2020 அக்டோபரில், பூமியின் சுற்றுச்சூழலைக் காக்கும் பொருட்டு என்று சொல்லி, பெட்டியிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டது. பூமி எவ்வளவு பிழைத்ததோ, தெரியாது. இயர்போன் தனி வியாபாரமாகப் பிழைத்துக் கொண்டது. உலகத்துக்கே போன் பூட்டிக் கொடுக்கிற பெண், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் இருநூறு ரூபாய்க்குத் தொங்குகிற சரத்திலிருந்து ஒன்றை இழுத்துக் கொள்கிறாள்.

அப்படி ஒரு கடையில் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன். ஒரு பெண், வாங்கி இரண்டு நாளான சாமானைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணா, இது காதுலே நிக்கவே மாட்டேங்குதுண்ணா. விழுந்து விழுந்து போகுது. பஸ்ஸிலே ஒண்ணும் கேக்கலே. சவுண்டை முழுசா ஏத்தி வெச்சாத்தான் கேக்குது. ரூமுக்குப் போனா காது கொய்ங்குங்குது."

கடைக்காரத் தம்பி சாமானைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் காது சின்னதும்மா. சாமான்லே ஒண்ணும் குறையில்லே."

காதுதான் குற்றவாளி! செருப்புக் கடையில் இப்படிச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணே சிரித்திருப்பாள். கால் சிறிசு என்று கடிந்து கொண்டு ஒன்பதாம் நம்பர் செருப்பைத் தலையில் கட்டுகிற கடை உண்டா? காதுக்கு மட்டும் இந்த நியாயம். பெண்களுடைய காதுத் துவாரம் சராசரியாக ஆண்களுடையதைவிடக் குறுகலானது. ஒரே ஆளுக்கு இடக் காதும் வலக் காதும் ஒத்திருப்பதில்லை. அதற்காகத்தான் ஒழுங்கான கம்பெனிக்காரன் சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று மூன்று ஜோடி ரப்பர் முனைகளைப் பெட்டியில் போடுகிறான். சரத்தில் தொங்கும் சாமானுக்குப் பெரும்பாலும் ஒரே ஜோடி.

அந்த ரப்பர் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. காதுத் துவாரத்தை அது காற்றுப் புகாமல் அடைத்தால்தான் கீழ் ஸ்தாயி ஒலி உள்ளே தங்கும். மயிரிழை இடைவெளி விட்டாலும் பேஸ் முழுவதும் வெளியே ஒழுகிவிடும். வெளியிலுள்ள இஞ்சின் இரைச்சலோ அதே இடைவெளி வழியாக உள்ளே வந்து உட்கார்ந்து கொள்ளும். பிறகு அந்தப் பெண் சவுண்டை ஏற்றாமல் வேறென்ன செய்வாள்? ஆகவே, 'சௌகரியத்துக்கு இத்தனை மார்க், ஒலி நயத்துக்கு இத்தனை மார்க்' என்று இரண்டு கட்டம் போடுகிறார்களே, அதுவே முதல் பிசகு. காதில் பொருந்தாத சாமானுக்கு ஒலி நயம் என்று தனியாக ஒன்று கிடையவே கிடையாது. பொருந்தியதா என்று அறிய யந்திரம் வேண்டாம். மாட்டிக் கொண்டு நாலு வார்த்தை பேசிப் பாருங்கள். சொந்தக் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல் முழங்கினால் அடைப்பு சரி. முழங்கவில்லையா, அடுத்த அளவு ரப்பரைப் போடுங்கள்.

இந்த இடத்தில் என் சிநேகிதர் ஒருவர் குறுக்கிடுவார். சங்கீத சபைகளில் முதல் வரிசை மனிதர். "காசுக்கேற்ற தோசை ஐயா! இருநூறு ரூபாய்க்கு நாதம் கேட்டால் கிடைக்குமா?" என்பது அவருடைய கட்சி. அவர் முப்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கியவர், அப்படித்தான் சொல்வார். அவருக்கு ஒரு செய்தி. 2017-ல் பிரேபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தார். அவை வெவ்வேறு ஸ்தாயிகளை எப்படி ஒலிக்கின்றன என்பதற்கும் அவற்றின் விலைக்கும் சம்பந்தம் எதையும் அவர் காணவில்லை. விலை அதிகமானால் உழைப்பு, பூச்சு, பெயர், பெருமை எல்லாம் கிடைக்கலாம். நாதம் கிடைத்தே தீரும் என்று எந்தச் சாஸ்திரமும் இல்லை.

"அப்படியானால் எல்லாம் அவரவர் ருசி" என்று உடனே மறு கோடிக்கு ஓடுகிறவர்களும் உண்டு. இதுவும் சோம்பேறித்தனமான பேச்சுதான். ருசியைச் சோதிக்கக்கூட ஒழுங்கு வேண்டாமா? இரண்டு இயர்போன்களில் ஒன்று கொஞ்சம் உரக்க ஒலித்தால், அதுவே நல்லது என்று மனிதக் காது ஏமாந்துவிடும். சப்தம் தணியும்போது கீழ் ஸ்தாயி மற்றதைவிட அதிகமாக மங்கிப் போகிறது என்று பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். கடைக்காரன் முழுச் சவுண்டில் வைத்துக் காட்டுவது ஏன் என்று இப்போது புரியும். உரக்க வைத்தால் தகரமும் பேஸ் பாடும். ஆகவே தணித்து வைத்துக் கேளுங்கள். இரண்டையும் ஒரே அளவு சப்தத்தில் வைத்துக் கேளுங்கள்.

என்ன கேட்பது? மிருதங்கம் கேளுங்கள் என்பேன். சாதாரணத் தோல் வாத்தியத்தில் உப ஸ்வரங்கள் ஒழுங்கில்லாமல் இரையும்; மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பிய கறுப்புப் பூச்சினால் அவை ஒன்றுக்கொன்று இசைந்து, சுருதியோடு ஒலிக்கின்றன. இதை விளக்கி 1920-ல் எழுதியவர் சர் சி. வி. ராமன். தொப்பியின் கும்காரமும் வலந்தலையின் அந்தத் துல்லியமும் இரண்டும் கேட்கவேண்டும். விளம்பரக்காரர்கள் கொண்டாடுகிற 'மிரட்டல் பேஸ்' சாமான்களில் பலவற்றில் தொப்பி வந்து வலந்தலையை விழுங்கிவிடும். பாடகரும் சேர்ந்து முழுகிப் போவார். முழுகியவரைத் தேடி நாம் மறுபடி சவுண்டை ஏற்றுவோம்.

ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகிறது: 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 89 என்றால் 5 மணி. போக ஒரு மணி, வர ஒரு மணி, வாரம் ஆறு நாள் பஸ்ஸில் போகிற பெண்ணுக்கு 86-லேயே படியளந்தது வெள்ளிக்கிழமை இரவோடு தீர்ந்து போகிறது. சனிக்கிழமை கடன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சினிமாப் பார்ப்பது கடன் மேல் கடன். இந்தக் கடனைக் காது வசூல் செய்கிற விதமும் விசித்திரமானது. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல் ஸ்தாயி. பேச்சில் மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற ஒலிகளில் பல அங்கேதான் இருக்கின்றன. ஊரிலிருந்து அம்மா பேசுவது கேட்கும். என்ன சொன்னாள் என்பது புரியாது. "பணம்" என்றாளா, "கனம்" என்றாளா? முப்பது வயதில் இது நேர்ந்தால் அதற்கு எந்தக் கம்பெனி நஷ்ட ஈடு தரும்? இப்படிச் செத்த காது நரம்புச் செல்கள் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை.

சௌகரியத்தைப் பற்றி இன்னொன்று. இராத்திரி ஷிப்டு முடித்துப் பகலில் தூங்குகிறவள், பக்கத்துப் படுக்கைக்காரியின் பேச்சுக்குத் தப்புவதற்காக அதைக் காதில் வைத்துக் கொண்டே ஒருக்களித்துப் படுக்கிறாள். வெளியே துருத்திக் கொண்டிருக்கிற சாமான் தலையணைக்கும் காதுக்கும் நடுவில் ஆணி போல் அழுத்தும். தோடு வேறு. எந்த விமரிசகராவது ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துவிட்டு மார்க் போட்டதுண்டா? தோடு போட்ட காது என்று ஒன்று இருப்பதாவது அவர்கள் எழுத்தில் தெரிகிறதா?

காதை நன்றாக அடைத்துவிட்டால் லாரி ஹாரன் எப்படிக் கேட்கும் என்பது நியாயமான ஆட்சேபம். ஒரகடத்திலிருந்து கார்களை அடுக்கிக் கொண்டு வருகிற நீள வண்டிகள் யாருக்கும் காத்திருப்பதில்லை. அதனால்தான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கழற்றிப் பையில் போட்டுக் கொள்ள வேண்டும் என்கிறேன். பொருந்தாத சாமானை முழுச் சவுண்டில் வைத்துக் கொண்டு ரோடு தாண்டினால் ஹாரன் கேட்டுவிடுமா?

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. இருநூறு ரூபாய்ச் சாமானிலும் மூன்று அளவு ரப்பர் வைக்கட்டும். வைக்காததற்கு ஒரு நட்சத்திரமும் கொடுக்க வேண்டாம். விமரிசனம் எழுதுகிறவர்கள் குளிரூட்டிய அறையைப் பூட்டிவிட்டு, ஒரகடத்தில் மத்தியான ஷிப்டு விடுகிற நேரத்துக்கு ஒரு பஸ்ஸில் ஏறி, இஞ்சினுக்குப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து, சவுண்டைப் பாதிக்கு மேல் ஏற்றாமல் ஸ்ரீபெரும்புதூர் வரை கேட்டுக் கொண்டு வரட்டும். பாட்டின் வார்த்தை புரிந்ததா, காது வலித்ததா என்ற இரண்டை மட்டும் எழுதட்டும். டப்பா மூடுகிற அழகை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்.