ஓட்டலை நடத்தத் தொழிலாளிக்குத் தெரியாதா?

ஷிப்டு முடிந்து வெளியே வரும் மில் தொழிலாளிக்கும், நடவு முடித்துக் கரையேறும் விவசாயத் தொழிலாளிக்கும் தெருமுனை ஓட்டல் ஆடம்பர ஸ்தலமல்ல. வீட்டில் அடுப்பு மூட்ட நேரமில்லாதவர்களுக்கு அதுதான் சமையற்கட்டு. நாலு இட்லி, ஒரு கரண்டி சாம்பார், ஒரு காப்பி. இதற்கே பையைத் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பதிவு பெற்ற ஓட்டலானால் பில்லில் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. மில் முதலாளி அந்த ஓட்டலில் சாப்பிட்டாலும் அதே 5 சதவீதம்தான்! இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏழைக்கும் பணக்காரனுக்கும் சமத்துவம் வந்துவிட்டது.

விலையைப் பற்றி நாம் முணுமுணுக்கிறோம், நியாயம்தான். ஆனால் இலை போட்டவரை நாம் ஏறிட்டுப் பார்க்கிறோமா? விடியுமுன் மாவுக்கட்டில் நிற்கும் சரக்கு மாஸ்டர், உட்கார நேரமின்றி ஓடும் சப்ளையர், எச்சில் மேஜை துடைக்கும் பையன், இப்போது பல ஊர்களில் பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் பிழைக்க வந்து அடுப்படியில் வேகும் வாலிபர்கள். இவர்களும் நம்மைப்போலக் கூலிக்கு உழைப்பவர்கள். காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்று வேலையைத் துண்டு போட்டு, நாள் முழுவதையும் விழுங்கிவிடுகிறார்கள். கூலி உயர்வு கேட்டால், “சாப்பாடு போடுகிறோமே” என்பது பதில். ஓட்டலில் சிறுவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்ற தடை 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது. தடை வந்தபின்னும் “டேய் தம்பி, தண்ணி கொண்டா” என்று நாம் கூப்பிட்டுக்கொண்டுதானே இருந்தோம்?

சங்கம் வைத்தால் ஓட்டல் முதலாளிமார் உடனே ஒரு பாட்டு பாடுவார்கள். “எங்கள் முதல் இல்லாவிட்டால் ஓட்டல் ஏது? கல்லாவில் நாங்கள் உட்காராவிட்டால் மூன்றே நாளில் திவாலாகும்.” இந்தப் பாட்டுக்குப் பதில் 1957லேயே கொடுக்கப்பட்டுவிட்டது. கொடுத்தவர்கள் காப்பி ஹவுஸ் சிப்பந்திகள்.

கதை அறியாத இளம் தோழர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறோம். 1930க்குப் பின் உலக முதலாளித்துவ நெருக்கடியில் காப்பிக் கொட்டைக்கு வெளிநாட்டில் விலை விழுந்தது. தோட்ட முதலாளிகள் கையைப் பிசைந்தார்கள். உள்நாட்டு ஜனங்களைக் காப்பி குடிக்கப் பழக்கினாலொழியச் சரக்கு விற்காது. அதற்காகக் காப்பித் தீர்வைக் கமிட்டி ஏற்பட்டது. அது 1936ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் காப்பி ஹவுஸைத் திறந்தது. பின்னால் காப்பி போர்டு வந்தது; நாட்டின் பெரிய நகரங்களில் கடைகள் பரவின. வெள்ளை உடுப்பு, இடுப்பில் பட்டை, தலையில் விசிறி வைத்த தலைப்பாகை. துரைமாருக்குச் சலாம் போடுவதற்கென்றே தைத்த வேஷம் அது.

ஜனங்கள் காப்பிக்குப் பழகிவிட்டார்கள். போர்டின் காரியம் முடிந்தது. 1950களின் நடுவில், நாடு சுதந்திரமடைந்து பத்து வருஷம்கூட ஆகாத நேரத்தில், கடைகளை மூடத் தீர்மானித்தார்கள். வருஷக்கணக்காகத் தட்டேந்திய சிப்பந்திகளைத் தெருவில் நிறுத்துவது என்று முடிவாயிற்று. எவன் உழைப்பால் சரக்கு விற்றதோ அவனுக்கே சீட்டுக் கிழிப்பு!

அப்போது சிப்பந்திகளுக்கு வழிகாட்டியவர் தோழர் ஏ.கே.கோபாலன். குருவாயூர் கோயில் நுழைவு சத்தியாக்கிரகத்தில் தொண்டர் படைத் தலைவராக நின்று அடிபட்டவர். 1936ல் மலபாரிலிருந்து சென்னைக்குப் பட்டினிப் பட்டாளத்தை நடத்தி வந்தவர். பின்னர் பார்லிமெண்டில் எதிர்க்கட்சி வரிசையின் தலைவர். பட்டினி ஜாதா நடத்திய அதே மனிதர் ஓட்டல் நடத்தச் சொன்னார் என்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. “வேலை கொடு” என்று கெஞ்சுவதோடு நிற்காதீர்கள், கடையையே நீங்கள் எடுத்து நடத்துங்கள் என்பது அவர் காட்டிய பாதை. 1957 ஆகஸ்டு 19ல் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. அதே வருஷம் அக்டோபர் 27ல் டில்லியில் தொழிலாளர்களே நடத்தும் முதல் காப்பி ஹவுஸ் திறந்தது. 1958 மார்ச் 8ல் கேரளத்துத் திருச்சூரில் ஒன்று. அப்புறம் புதுச்சேரி, கல்கத்தா, சிம்லா என்று வளர்ந்தது. கையில் முதல் இல்லாதவர்கள்! கணக்குப் புத்தகத்தைத் தொடவிடாமல் வைக்கப்பட்டிருந்தவர்கள்!

மூன்றே நாளில் திவாலாகும் என்றார்களே, அறுபது வருஷத்தைத் தாண்டிவிட்டது. திருவனந்தபுரம் தம்பானூரில், லாரி பேக்கர் செங்கல்லால் சுழற்றிக் கட்டிய கட்டிடத்தில், சரிவாக ஏறும் தரையின் ஓரமாகவே மேஜைகள். ரயிலடியிலிருந்து வருகிற எவரும் உள்ளே போய் உட்காரலாம். பீட்ரூட் போட்ட மசாலா தோசை நம் நாக்குக்குக் கொஞ்சம் தித்திப்பாகத்தான் இருக்கும். அது அவரவர் ருசி. விசிறித் தலைப்பாகை இன்றும் இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு தட்டைக் கொண்டுவருகிறவர் இன்று யாருக்கும் சலாம் போட வேண்டியதில்லை. சங்கத்தில் உறுப்பினரானால் அவரும் கடைக்குச் சொந்தக்காரர். அந்த வேஷம் இனியும் எதற்கு என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்கள்.

எல்லாம் பொன்மயம் என்று நாம் சொல்லவரவில்லை. நகரத்தின் நடுவில் நிலத்தின் விலை ஏற ஏற, மலிவு விலைக் காப்பிக் கடைக்கு வாடகை கழுத்தில் கயிறாகிறது. பெங்களூர் எம்.ஜி. ரோட்டில் ஐம்பது வருஷம் இருந்த காப்பி ஹவுஸ் 2009ல் அந்த இடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. கூட்டுறவு என்று பலகை மாட்டினால் மட்டும் போதாது என்பதும் உண்மை. உறுப்பினர்கள் மேலே, தற்காலிகக் கூலிக்காரர்கள் கீழே என்று உள்ளுக்குள்ளேயே இரண்டு ஜாதி உண்டானால், அங்கே பழைய முதலாளி வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டான் என்று அர்த்தம். சர்க்கார் கைகொடுப்பதும் விடுவதும் இன்னொரு பிரச்னை. கேரளத்தில் 2020ல் இடதுசாரி அரசு குடும்பஸ்ரீ பெண்களைக் கொண்டு ஜனகீய ஓட்டல்கள் திறந்து 20 ரூபாய்க்குச் சாப்பாடு போட்டது. பசித்தவர்கள் வாழ்த்தினார்கள். 2023ல் சாப்பாட்டுக்குக் கொடுத்து வந்த மானியம் நின்றது. பாரம் அடுப்படியில் நின்ற பெண்கள் தலையில் விழுந்தது. நம்முடைய அரசு செய்தாலும் இது சரியல்ல என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம்.

ஓட்டலைப் பற்றிப் பேசும்போது பெஞ்சைப் பற்றிப் பேசாமல் முடியாது. கடைகளிலும் ஓட்டல்களிலும் ஜாதி பார்த்து எவரையும் தடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15வது ஷரத்து 1950லேயே சொல்லிவிட்டது. 1955ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. ஆனாலும் கிராமத்து டீக்கடைகளில் தனிக் கிளாஸ் இருந்தது. நம் விவசாயத் தொழிலாளர்களுக்கு இதைப் புத்தகத்திலிருந்து சொல்ல வேண்டியதில்லை. குந்தி உட்கார்ந்து, குடித்த கிளாஸைத் தாங்களே கழுவி வைத்தவர்கள் அவர்கள். போராட்டம் வந்த இடங்களில் தனிக் கிளாஸ் போயிற்று. சில இடங்களில் அதற்குப் பதிலாகக் காகிதக் கப் வந்தது. “சுகாதாரம்” என்று காரணம் சொல்வார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணாடிக் கிளாஸ், நின்றுகொண்டிருக்கும் சேரிக்காரருக்கு மட்டும் காகிதக் கப் என்றால் அது எந்த ஊர்ச் சுகாதாரம் என்று கேட்கிறோம்.

மில் தொழிலாளர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே ஒரு ஓட்டல் இருக்கிறது. அதுதான் மில் கேண்டீன். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் வைக்கச் செய்யலாம் என்றும், அதை நடத்தும் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் தர விதி செய்யலாம் என்றும் 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது. போராடி வாங்கிய இந்த இடத்தை எத்தனை ஆலைகளில் நாம் பயன்படுத்தினோம்? காண்டிராக்டர் ஊற்றுகிற தண்ணீர்ச் சாம்பாரைத் திட்டிவிட்டு மிஷினுக்குத் திரும்பிப் போவதோடு சரி. அந்தக் காண்டிராக்டரிடம் பாத்திரம் கழுவும் அம்மாவுக்கு என்ன கூலி என்று யார் கேட்டோம்?

சங்கக் கூட்டம் அடுத்து கூடும்போது இதைக் கேளுங்கள். கேண்டீன் கமிட்டி இருக்கிறதா, அதற்குத் தேர்தல் நடந்து எத்தனை வருஷமாயிற்று, அரிசியும் பருப்பும் என்ன விலைக்கு வாங்கப்படுகின்றன, கேண்டீன் சிப்பந்திகளைச் சங்கத்தில் சேர்த்தாயிற்றா? கணக்கு நோட்டை மேஜைமேல் வைக்கச் சொல்லுங்கள்.