மேலூர் சாலையில் மலை பார்க்கப் போகிறவர்கள்

மதுரையிலிருந்து வடகிழக்கே மேலூர் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் நான்குவழிச் சாலை, விடுமுறை நாள் உலாவுக்கான சாலையாகவும் மாறிவருகிறது. ஒத்தக்கடையில் ஆனைமலை, அடுத்து நரசிங்கம்பட்டிப் பெருமாள்மலை, மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, அதற்கப்பால் கீழவளவு. இவற்றில் ஆனைமலை மீது ஆனையூர்க்காரனான எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம். பெயர்ப் பொருத்தம் அப்படி.

அரிட்டாபட்டியை நாடறியச் செய்தது டங்ஸ்டன். நாயக்கர்பட்டித் தொகுதியின் 2,015.51 ஹெக்டேர் பரப்புக்கான ஏலத்தில் 2024 நவம்பரில் இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தேர்வானது. டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது; 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மக்கள் மதுரை நோக்கி நடந்தனர்; அதே மாதம் 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. செய்தியில் மலையைப் பார்த்தவர்கள் இப்போது நேரிலும் பார்க்க வருகிறார்கள். வரட்டும். ஆனால், சுரங்கத்தைப் போலச் சுற்றுலாவையும் கேள்வி கேட்டுத்தான் உள்ளே விட வேண்டும் என்பது என் கருத்து.

இது வீண் அச்சமன்று. 2010இல் ஆனைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் பேசப்பட்டபோது, சுற்றுவட்டார மக்கள் எதிர்த்தே அதைத் தடுத்தனர்.

அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர், 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், 72 கண்மாய்கள், 200 சுனைகள், ஏறத்தாழ 250 பறவை இனங்கள் என்கிறது அரசின் கணக்கு. லகுடு வல்லூறு, ஷாஹீன் வல்லூறு போன்றவை செங்குத்துப் பாறை விளிம்புகளில் முட்டையிடுபவை. பனிக்காலத்திலிருந்து கோடைத் தொடக்கம் வரை அவற்றுக்கு இனப்பெருக்கப் பருவம். நாம் மலையேற விரும்பும் இதமான மாதங்களும் அவையே. தலைக்கு மேல் ஒரு டிரோன் வட்டமிட்டால் தாய்ப்பறவை கூட்டை விட்டு எழும். வெயிலில் கிடக்கும் முட்டை பிழைக்காது.

சாலை வசதி என்ன செய்யும் என்பதை இமாச்சலத்தில் பார்க்கலாம். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்படும்வரை, லாஹௌல் பள்ளத்தாக்கு ஆண்டில் பல மாதம் பனியால் துண்டிக்கப்பட்டிருந்தது. இன்று மணாலியிலிருந்து காலையில் கிளம்பி சிஸ்ஸுவில் படமெடுத்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் நெரிசலும் குப்பையுமே. அருகிலுள்ள ரோத்தாங் கணவாயில் பனிமேல் கரி படிந்த பிறகுதான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வண்டிகளுக்கு நாள் வரம்பு விதித்தது.

நம்மிடம் நல்ல முன்மாதிரி உண்டு. ஆனைமலைப் போராட்டத்தை ஒட்டி எழுத்தாளர் அ.முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய ‘பசுமை நடை’, சமணப் படுக்கைகளுக்கும் தமிழிக் கல்வெட்டுகளுக்கும் மக்களைக் கூட்டமாக அழைத்துச் செல்கிறது. அங்கே அறிஞர் ஒருவர் விளக்குகிறார். வந்தவர்கள் அமர்ந்து கேட்கிறார்கள். சேர்ந்து உண்டு திரும்புகிறார்கள். இதற்குக் கைப்பிடிக் கம்பியோ, கண்ணாடிப் பாலமோ தேவைப்படவில்லை.

பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆவது பிரிவு, இத்தகைய தலங்களின் மேலாண்மைக்கு விதிகள் வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. வண்டிகளை ஊர் எல்லையிலேயே நிறுத்துவது, டிரோனைத் தடுப்பது, கூடு கட்டும் மாதங்களில் பாறை முகப்பை மூடுவது, வழிகாட்டும் வேலையை ஊர் இளைஞர்களுக்கே தருவது ஆகியவற்றை அதில் சேர்க்கலாம். முதலில் அந்த வரைவு, டங்ஸ்டனுக்கு எதிராகத் தீர்மானம் போட்ட அதே கிராம சபைகளின் முன் வைக்கப்பட வேண்டும்.