அப்பாவோட அம்பாசிடருக்கு எண்ணெயா, காத்தா?

அப்பா விட்டுட்டுப் போன அம்பாசிடருக்கு ஏத்தி இறக்குற சஸ்பென்ஷன் போடணும்னு தம்பி மகன் ஒத்தைக்கால்ல நிக்கிறான். "ஹைட்ராலிக் போடலாம் பெரியப்பா, சட்டுனு தூக்கும்"ங்கிறான்.

தூக்கும்தான். என் டிராக்டர்ல கலப்பையைத் தூக்குறதும் அதே எண்ணெய்தானே! ஆனா எண்ணெய் அமுங்காது. குழியில விழுந்தா அடி நேரா முதுகுக்கு வரும். 1955-ல் வந்த சிட்ரோயன் டிஎஸ் எண்ணெயை வெச்சும் மெத்துன்னு போச்சுன்னா, கூடவே அடைச்சிருந்த நைட்ரஜன் வாயுதான் காரணம்.

கட்டை வண்டி, டயர் வண்டி ரெண்டுலயும் போனவங்களுக்குக் காத்தோட அருமை தெரியும். அதனால நான் ஏர் பை கட்சி. கசிஞ்சா சோப்புத் தண்ணி தடவியே கண்டுபிடிச்சிரலாம். டேங்க்ல சேருற தண்ணிய மட்டும் அப்பப்ப வடிக்கணும்.

எதுன்னாலும் ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்காம வண்டியில கை வைக்கிறதில்ல. கார் குதிக்கிறதப் பாக்க ஊரே கூடும். பின்சீட்டுல உக்காரப்போறது இடுப்பு வலிக்காரி எங்கம்மா.