இரும்பும் காற்றும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் புதுக் கார்களைச் சுமந்து லாரிகள் செல்கின்றன. அக்கார்களின் இரும்புக்குக் காற்றோடு ஒரு பழைய கணக்கு உண்டு.

250 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே கடல்நீரில் இரும்பு ஏராளமாகக் கரைந்திருந்தது. நீலப்பச்சைப் பாசி எனப்படும் நுண்ணுயிர்கள் சூரிய ஒளியால் நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியிட்டன. இரும்பு அதனுடன் கூடி, ஆக்சைடாகிக் கடலடியில் வரிவரியாகப் படிந்தது என்பது விஞ்ஞானிகளின் விளக்கம். சேலத்தை அடுத்த கஞ்சமலையின் மாக்னடைட் பாறைகளும், கர்நாடகத்தின் பாபாபுதன் மலைத் தாதுவும் இவ்வினத்தவை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் ஆக்சிஜன் காற்றில் தங்கத் தொடங்கியது.

ஊதுலையில் நாம் செய்வது இதற்கு நேர்மாறான வேலை. கல்கரி தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு கரியமில வாயுவாக வெளியேறுகிறது. இம்முறையில் 1 டன் எஃகுக்குச் சுமார் 2 டன் வாயு! தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் 10 லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த இவ்வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இதில் எஃகுக்கும் பங்குண்டு.

எஃகே வேண்டாம் என்பது என் வாதமன்று. ஆக்சிஜன் நீக்கிய இரும்பைக் காப்பதே முதல் கடமை என்கிறேன். துரு என்பது அப்பழைய வினை திரும்புவதே. அதைத் தடுக்க வேண்டும். காயலான் கடை இரும்பை மின் உலையில் உருக்கினால், துருவின் அளவைத் தவிர, மீண்டும் ஆக்சிஜனைப் பறிக்க வேண்டியதில்லை. தாதுவிலிருந்து புதிதாக எடுக்கும்போது கரிக்குப் பதில் ஹைட்ரஜனைப் பயன்படுத்தலாம். அப்போது நீராவியே வெளியேறும். ஸ்வீடனில் 2021-இல் இது சோதனை ஆலையில் செய்து காட்டப்பட்டது.

நாளை இந்த ஆலைகளில் பொறியாளராக அமரப்போகும் நீங்கள், எஃகின் விலையோடு அது காற்றில் சேர்த்த வாயுவின் கணக்கையும் கேளுங்கள்.