ஈயைக் கட்டுவோரும் வலையை வீசுவோரும்

அண்மையில் இளையோர் பணிக்கெனக் கூட்டப்பட்ட ஒரு பயிற்சியில், கருத்துரை வழங்கிய அன்பர் திரையில் ஒரு செயற்கை ஈயின் படத்தைக் காட்டினார். தூண்டில் முள்ளின்மீது சேவல் இறகையும் பட்டு நூலையும் சுற்றிக் கட்டிய சிறு பூச்சி அது. ட்ரவுட் மீன் பிடிக்கும் ஆங்கிலேயர், அன்று ஆற்றின்மேல் எந்தப் பூச்சி பறக்கிறதோ அதன் சாயலில் ஈயைக் கட்டி வீசுவார்களாம். இளையோர் எதை விரும்பி விழுங்குகிறார்களோ, அதன் சாயலில் நாமும் நற்செய்தியைக் கட்டி வீச வேண்டுமாம். மனிதரைப் பிடிப்போராக ஆண்டவரே நம்மை அழைத்திருக்கிறாராம். அரங்கம் கைதட்டியது. மரியாதைக்காக நாமும் தட்டினோம். அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இக்கட்டுரை.

முதலில் அந்தக் கலைக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிடுவோம். ட்ரவுட் குளிர்ந்து தெளிந்து ஓடும் நீரில் வாழும் மீன். நம் நீலகிரிக்கும் அது முற்றிலும் அந்நியமன்று. 19ஆம் நூற்றாண்டில் சிலர் முயன்று தோற்றபின், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பார் அவலாஞ்சிப் பகுதியில் அதை நிலைபெறச் செய்தார். அதைப் பிடிக்கும் ஈக்கு எடையே இல்லை. கல்லைப்போல் எறிய முடியாது. கனமான நூலைக் காற்றில் முன்னும் பின்னும் வளைத்து வீச, அதன் நுனியில் ஈ பின்தொடர்ந்து சென்று ஓசையின்றி நீரில் அமர வேண்டும். முள்ளின் தண்டைச் சுற்றி விறைப்பான சேவல் கழுத்திறகைச் சுற்றினால் ஈ நீரின்மேல் மிதக்கும்; மென்மையான இறகைச் சுற்றினால் மூழ்கும். தாமே ஈ கட்டுவோர் ஆற்றங்கரையில் கற்களைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் இளம் பூச்சிகளைப் பார்த்துவிட்டே நூலைக் கையில் எடுப்பர். 1496இல் இங்கிலாந்தில் அச்சான ஒரு தூண்டில் நூல் பன்னிரண்டு ஈக்களை விவரிக்கிறது. அதை எழுதியவர் ஒரு மடத்துத் தலைவி என்பது மரபு. அறிஞர்கள் அதை ஐயுறுகின்றனர். மடத்துத் தலைவியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நமக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்புகூடக் குருக்களை வேட்டையைக் குறித்தே எச்சரித்தது. தூண்டிலை அந்த விதியில் சேர்க்கவில்லை.

இத்தனை உழைப்பும் எதற்காக? உணவு இல்லாத ஒன்றை உணவு என்று மீனை நம்பவைப்பதற்காக. மண்புழுவைக் கோத்துப் போடும் நம் ஊர்ச் சிறுவனாவது மீனுக்கு ஒரு வாய் புழுவைக் கொடுக்கிறான். செயற்கை ஈயில் அதுவும் இல்லை. இறகு, நூல், மெழுகு, இரும்பு, அவ்வளவே. இளையோர் பணிக்கு இதையா உவமையாகக் கொண்டுவருவது?

இக்கலையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விவரிப்பு ஏலியன் என்னும் உரோமை எழுத்தாளருடையது, கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தவர். மக்கதோனியாவில் பெரோயாவுக்கும் தெசலோனிக்காவுக்கும் இடையே ஓடும் ஓர் ஆற்றில், சிவப்புக் கம்பளி நூலை முள்ளில் சுற்றி, சேவலின் தாடிக்கு அடியில் முளைக்கும் இரு இறகுகளைச் சேர்த்துக் கட்டி மீன் பிடித்தனர் என்கிறார். உண்மையான பூச்சி மனிதக் கை பட்டதும் நிறமும் சிறகும் கெட்டு, இரைக்கு உதவாமல் போய்விடுமாம். ஆகவே பொய்ப் பூச்சி. ஊர்ப் பெயர்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். தெசலோனிக்காவில் கலகம் எழுந்ததும் பவுலடியாரை இரவோடு இரவாகப் பெரோயாவுக்கே அனுப்பிவைத்தனர். பெரோயா மக்களைத் திருத்தூதர் பணிகள் எதற்காகப் புகழ்கிறது? பவுல் சொன்னவை உண்மைதானா என்று அவர்கள் நாள்தோறும் மறைநூலைப் புரட்டிச் சோதித்தார்கள் என்பதற்காக (திப 17:11). அதே வட்டாரத்து ஆற்றில் மீன் சோதிக்காமல் கவ்வியது. ஊரில் மனிதர் சோதித்த பிறகே ஏற்றனர். மீனைப்போல் கவ்வும் இளைஞன் வேண்டுமா, பெரோயாவினரைப்போல் கேள்வி கேட்கும் இளைஞன் வேண்டுமா என்பதே இங்கு வழக்கு.

விவிலியத்தின் சொல்லாட்சியும் அந்த அன்பருக்குத் துணை நிற்கவில்லை. கலிலேயாவில் அழைக்கப்பட்டோர் வலைஞர். நற்செய்திகளில் தூண்டில் வருவது ஒரே ஓர் இடத்தில் (மத் 17:27). அங்கும் பேதுரு போடுவது கோவில் வரிக்கான நாணயத்துக்காக. சீமோனிடம் இயேசு சொல்வதை எழுதும் லூக்கா, உயிரோடு பிடிப்பதைக் குறிக்கும் கிரேக்க வினையைத் தேர்ந்துகொள்கிறார் (லூக் 5:10). இரை காட்டிக் கவர்வது என்னும் வினையோ புதிய ஏற்பாட்டில் நல்ல பொருளில் வருவதே இல்லை. யாக்கோபு அதைத் தீய இச்சைக்கு வைக்கிறார் (யாக் 1:14). பேதுருவின் இரண்டாம் திருமுகம் போலிப் போதகர்களுக்கு வைக்கிறது (2 பேது 2:14, 18). நம் பயிற்சியாளர் நம் கையில் தந்த கருவி யாருடையது என்று பாருங்கள்!

"நீசா நகர் கிரகோரியார் தூண்டிலைப் பேசவில்லையா?" என்று இறையியல் கற்றோர் கேட்கக்கூடும். பேசினார். கிறிஸ்துவின் மனித உடலுக்குள் இறைமை முள்போல் மறைந்திருந்தது, அலகை அதை விழுங்கி அகப்பட்டது என்றார். பின்வந்த இறையியலாளருள் பலர் அந்த உருவகத்தைக் கூச்சத்தோடு ஒதுக்கிவைத்தனர். அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அங்கே ஏமாந்தது அலகை, மனிதனன்று.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. எல்லாருக்கும் எல்லாமாக ஆனதாகப் பவுல் சொல்கிறாரே. 1606இல் மதுரைக்கு வந்த தெ நொபிலி காவியுடுத்து, புலால் நீக்கி, சமற்கிருதமும் தமிழும் கற்றாரே. அதுவும் சாயல் கட்டுவதுதானே? அவரை அன்றே அப்படிக் குற்றம் சாட்டியவர்கள் உண்டு. வழக்கு உரோமைவரை சென்றது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவர் முறையைப் பெரும்பாலும் ஏற்றார். வேறுபாடு எங்கே என்று நாம் பலகாலம் யோசித்ததுண்டு. தூண்டில்காரர் ஈயைக் கட்டுகிறார். தாம் ஈ ஆவதில்லை. ட்ரவுட்டின் நீரில் அவர் வாழ்வதில்லை. மாலையில் வீடு திரும்புகிறார். தெ நொபிலி திரும்பவில்லை. நம் மண்ணிலேயே கண்பார்வை மங்கி, மயிலாப்பூரில் 1656இல் இறந்தார். அவர் பூண்ட கோலத்தின் விலையை அவரே கொடுத்தார். செயற்கை ஈயின் விலையைக் கொடுப்பது மீன்.

ஈ கட்டும் பித்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2009இல் ஒரு சான்று கிடைத்தது. இங்கிலாந்தில் டிரிங் என்னும் ஊரின் அருங்காட்சியகத்திலிருந்து, ஈ கட்டுவதில் தேர்ந்த இசை மாணவர் ஒருவர் 299 பறவைத் தோல்களைத் திருடினார். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் திரட்டியவையும் அவற்றுள் இருந்தன. அந்த இறகுகள் ட்ரவுட்டுக்கும் அல்ல. சால்மன் மீனுக்கென விக்டோரியா காலத்தார் வகுத்த ஆடம்பர ஈக்களுக்காக. இன்று அவற்றைக் கட்டுவோருள் பலர் மீனே பிடிப்பதில்லை. ஈ கண்ணாடிச் சட்டத்துக்குள் போகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல்நிறக் காட்டுக்கோழியும் இந்தப் பித்துக்குத் தப்பவில்லை. அதன் கழுத்திறகின் நுனியில் மெழுகு வைத்தாற்போன்ற பொன்வெண் புள்ளி உண்டு. அதற்காகவே அந்தத் தோல்கள் கடல் கடந்தன. இன்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்பறவையைக் காக்கிறது. நம் இளையோர் மாநாடுகளின் மேடைகளையும் வண்ண விளக்குகளையும் பதாகைகளையும் பார்க்கையில் அந்தக் கண்ணாடிச் சட்டங்கள்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. அழகாகக் கட்டுகிறோம், ஆனால் பார்த்து மகிழ்பவர் கட்டியவரும் அவருடைய நண்பரும்தாம்.

பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடும் வழக்கத்தையும் அந்த அன்பர் இரக்கமென்று பாராட்டினார். உண்ணும் எண்ணமின்றி, விளையாட்டுக்காக மட்டும் முள்ளால் குத்தி இழுத்துவிட்டு விடுவதை சுவிட்சர்லாந்து 2009 முதல் தடைசெய்திருக்கிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஏற்றதன்று என்பது 1992இல் வெளியான மறைக்கல்வி ஏட்டின் போதனையும்கூட (எண் 2418). நாமோ இதை மனிதரிடமே செய்கிறோம்: பெயர்ப் பதிவு, குழுப் படம், எண்ணிக்கை, அறிக்கை, மறுநாள் காலையில் விட்டுவிடுகிறோம்.

நம் கையும் தூயதன்று. சில ஆண்டுகளுக்கு முன் மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகளுக்கு வருகைக்கு ஒரு புள்ளி, புள்ளிகளுக்குப் பரிசு என்று நாமே ஒரு திட்டம் வகுத்தோம். முதல் மாதம் இடம் போதவில்லை. ஆயருக்கு எழுதிய மடலில் அந்த எண்ணிக்கையைப் பெருமையோடு குறிப்பிட்டோம். நன்கொடை நின்றது, பரிசும் நின்றது. பரிசில்லாத முதல் ஞாயிறன்று பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வாசலில் நின்றபடியே, "சாமி, இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டான். "இயேசுவைப் பற்றிப் படிக்கலாம் வா" என்றோம். அவன் நம் கைகளைப் பார்த்தான். அவை வெறுமையாய் இருக்கவே, மரியாதையாகத் தோத்திரம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன்மீது பிழையில்லை. கவ்வியதில் உணவு இல்லை என்று கண்ட மீன் துப்பிவிட்டுப் போகாதா? அன்றாட உணவில்லாத சகோதரனைச் சமாதானமாய்ப் போகச் சொல்லி வெறுங்கையோடு அனுப்புவோரை யாக்கோபு சாடுவதும் (யாக் 2:15-16) அன்றுதான் நமக்கு உறைத்தது.

யாக்கோபையும் யோவானையும் ஆண்டவர் கண்டபோது அவர்கள் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் (மாற் 1:19). நம் கடலோரப் பங்குகளில் இன்றும் மணலில் கால் நீட்டி அமர்ந்து அறுந்த கண்களை முடிபவர்களைப் பார்க்கலாம். பகல் முழுவதும் ஆகும். யாரும் படம் எடுப்பதில்லை.

அந்தச் சிறுவனின் வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினோம். தகப்பன் வேலையின்றி இருந்தார். தாய் பிள்ளைகளுக்கு இரவு உணவுக்கே திண்டாடினார். பரிசு என்று நாம் நீட்டிய பென்சில் பெட்டியை அவன் கடையில் விற்றிருந்ததை அங்கேதான் அறிந்தோம். இப்போது வின்சென்ட் தே பவுல் சபையார் அந்த வீட்டைக் கவனிக்கிறார்கள். கடந்த ஞாயிறு மறைக்கல்விக்குப் பதினேழு பேர் வந்தார்கள். அவன் வரவில்லை, அவனுடைய தங்கை வந்தாள்.