வால்வு 'கிட்' வியாபாரம்: காயில் சுற்றத் தெரிந்தவர் கடை போடட்டும்!

வால்வு செட்டுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது!

ஒரு காலத்தில் ஆடிக் கூழ், கல்யாணம், காதுகுத்து, எதுவானாலும் மைக் செட்காரர் வந்து ஆம்ப்ளிபயர் பெட்டியை இறக்குவார். சுவிட்சைத் தட்டினால் உடனே பேசாது. உள்ளே கண்ணாடி வால்வு சூடேறிக் கண் சிவக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அப்புறம்தான் "ஹலோ... மைக் டெஸ்டிங்!"

டிரான்சிஸ்டர் வந்தது. வால்வு பெட்டிகள் எடைக்குப் போயின. பழைய இரும்புக் கடையில் டிரான்ஸ்பார்மரை உடைத்துத் தாமிரத்தை உருவிக் கொண்டார்கள்.

இன்று அதே வால்வு பெட்டியைத் தேடி அலைகிறார்கள். பாட்டுப் பைத்தியங்கள் ஒரு பக்கம், கிடார் வாசிப்பவர்கள் ஒரு பக்கம். அதிலும் ஒரு கூட்டம், "ரெடிமேடு வேணாம், சாமானைக் கொடு, நானே பத்த வைச்சுக்கிறேன்" என்கிறது. வால்வு, சாக்கெட், டிரான்ஸ்பார்மர், கன்டன்சர், ரெசிஸ்டன்ஸ், துளை போட்ட தகரத் தட்டு, கூடவே ஒரு வரைபடம். எல்லாம் ஒரே அட்டைப் பெட்டியில். இதுதான் 'கிட்'. அமெரிக்காவில் 'பாட்டில்ஹெட்' போன்ற சின்னக் கம்பெனிகள் இதை விற்றே பெயர் வாங்கிவிட்டன.

பொதட்டூர்பேட்டை மாதிரி தறி ஊரில் இது எடுபடுமா? பள்ளிப்பட்டு வட்டாரத்தில் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். சால்டரிங் பிடிக்கத் தெரிந்த கை, ஓய்வு நேரத்தில் நாலு கிட் போட்டு விற்றால் என்ன என்று கேட்டால், தப்பே இல்லை. ஆனால் அதில் இரண்டு இடத்தில் கண்ணி இருக்கிறது. ஒன்று பணத்தைத் தின்னும். இன்னொன்று ஆளையே தின்னும்.

டிரான்ஸ்பார்மர்தான் முதல்

கிட் வியாபாரம் என்றதும் பலரும் வால்வைத்தான் நினைக்கிறார்கள். வால்வு யாரிடமும் வாங்கலாம். ஒரு காலத்தில் பெங்களூர் பி.இ.எல். நிறுவனமே ரேடியோ வால்வு செய்தது. இப்போது அதில் பழைய ஸ்டாக்தான். புதுசு வேண்டுமானால் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று கை நீட்ட வேண்டும். 2022-ல் உக்ரைன் போர் மூண்டு ரஷ்யச் சரக்கு தடுமாறியதும் வால்வு விலை எகிறியது. எங்கேயோ சண்டை, இங்கே ரிச்சி தெருவுக்கு வருகிற ஆளின் பாக்கெட்டில் ஓட்டை!

ஆக, வால்வை நம்பி லாபக் கணக்குப் போட முடியாது. சரக்கு இருப்பது டிரான்ஸ்பார்மரில்.

டேவிட் ஹாப்ளர் என்று ஓர் அமெரிக்கர். பிலடெல்பியாக்காரர். 1950-களின் தொடக்கத்தில் அவர் கூட்டாளியுடன் சேர்ந்து விற்றது ஆம்ப்ளிபயர் அல்ல, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் மட்டும்தான்! அது நன்றாக அமைந்த பிறகுதான் 1955-ல் 'டைனகோ' கம்பெனியை ஆரம்பித்தார். 1959-ல் வந்த 'ஸ்டீரியோ 70' கிட், பக்கத்துக்கு 35 வாட், லட்சக்கணக்கில் போனது. குழப்பமான சர்க்யூட் போர்டை மட்டும் கம்பெனியே முடித்துக் கொடுத்தது. மிச்சத்தை வாங்கியவர் கோர்த்துக் கொண்டார். முதலில் காயில், பிறகு கிட். அந்த வரிசையை மாற்றியிருந்தால் ஹாப்ளர் பேரை இன்று யார் சொல்வார்கள்?

தறி ஊருக்கு இது புரியாத பாஷை அல்ல. விசைத்தறி இருக்கிற ஊரில் மோட்டார் எரியும். மோட்டார் எரிகிற ஊரில் காயில் கட்டுகிறவர் இருப்பார். எனாமல் கம்பி, வார்னிஷ், இன்சுலேஷன் பேப்பர் எல்லாம் அவருக்குத் தண்ணிப் பட்ட பாடு.

ஆனாலும் மோட்டார் வேறு, ஆடியோ வேறு. இ.எல்.84 என்ற சின்ன வால்வு ஒன்றுக்கு 8 ஓம் ஸ்பீக்கரை மாட்ட வேண்டுமானால், அந்தப் பக்கம் 25 சுற்றுக்கு இந்தப் பக்கம் 1 சுற்று என்ற கணக்கு. அந்தப் பக்கக் கம்பி தலைமுடி மாதிரி. அதையும் ஒரே மூச்சில் சுற்றி முடிக்கக் கூடாது. கொஞ்சம் பிரைமரி, மேலே பேப்பர், கொஞ்சம் செகண்டரி, மறுபடி பேப்பர், மறுபடி பிரைமரி என்று அடுக்கடுக்காகப் போக வேண்டும். இல்லாவிட்டால் பாட்டில் 'கிணிங்' என்ற மேல் சத்தமே செத்துப் போகும். ஒற்றை வால்வு செட்டானால் இரும்புத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளியும் விட வேண்டும். மறந்தால் பேஸ் போச்சு.

பாவில் ஓர் இழை அறுந்தால் துணி நெடுகக் கோடு விழும். அறுத்துத் தள்ளுபடியில் விற்கலாம். இங்கே ஒரு சுற்று ஷார்ட் ஆனால் டிரான்ஸ்பார்மரே குப்பை. தள்ளுபடிக்கும் போகாது!

அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல காயில்காரரைக் கூட்டாளியாகச் சேர்க்காமல், பத்துக் கடையில் சாமான் பொறுக்கி அட்டைப் பெட்டியில் போட்டு "என் டிசைன்" என்று லேபிள் ஒட்டுவது வியாபாரம் அல்ல. திருத்தணியில் மின்சார ரயில் ஏறினால் அந்தச் சாமானை வாங்குபவரே போய் வாங்கிக் கொள்வார். நடுவில் ஒருவர் எதற்கு?

300 வோல்ட் சும்மா விடாது

இனி இரண்டாவது கண்ணி. செல்போன் சார்ஜர் கழற்றிப் பழகிய பையனுக்கு இது தெரியாது. வால்வு ஆம்ப்ளிபயருக்குள் ஓடுவது 300 வோல்ட் பக்கம். அதுவும் டி.சி. வீட்டு பிளக்கில் வருவதை விட அதிகம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டன்சருக்குள் அது பதுங்கி உட்கார்ந்திருக்கும். "ஆப் பண்ணிட்டேண்ணே" என்று கை வைத்தவனைத் தூக்கி அடிக்கும்.

இதற்கு மருந்து மலிவு. கன்டன்சருக்குக் குறுக்கே 1 லட்சம் ஓம், 2 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்று. டீக்காசு கூட ஆகாது. அரை நிமிடத்தில் பெரும்பாலான வோல்டேஜை வடித்துவிடும். அப்புறம் மூன்று முனை பிளக், தகரப் பெட்டிக்கு எர்த், ஒரு பியூஸ். இந்த நாலையும் மிச்சம் பிடித்துக் கிட் விற்பவர் கருமியா, கிராதகரா? கிராதகர் என்றே சொல்லலாம்!

திறந்த பெட்டியில் கரன்ட் ஓடும்போது ஒரு கையால் மட்டும் வேலை செய், மறு கையைப் பாக்கெட்டில் வை என்பது பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் பாடம். வேட்டி கட்டியவர் முதுகுக்குப் பின்னால் வைத்துக் கொள்ளட்டும்.

வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே காப்பி அடிப்பதிலும் ஆபத்து உண்டு. வால்வின் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் ஆயுசு குறையும். ஊரில் தறிகள் சேர்ந்து ஓடும்போது வோல்டேஜ் சரியும், நின்றால் ஏறும். அதனால் மெயின் டிரான்ஸ்பார்மரில் 220, 230, 240 என்று மூன்று முனை வைக்க வேண்டும். அந்த ஊர் புத்தி அமெரிக்க வரைபடத்தில் இருக்காது.

தமிழில் ஒரு புத்தகம்

'ஹீத்கிட்' கம்பெனி 1947-ல் ஆசிலாஸ்கோப் கிட்டில் தொடங்கி 1992 வரை கிட் விற்றது. அது புகழ் பெற்றது சாமானால் அல்ல, கூட வந்த புத்தகத்தால். ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி. வரிக்கு முன்னால் டிக் அடிக்க ஓர் இடம். இந்தக் கம்பியை இந்த முனையில் பத்த வை, டிக் போடு, அடுத்ததுக்குப் போ. அம்புட்டுதான். சால்டரிங் இரும்பையே பார்க்காதவரும் செய்து முடித்தார்.

அப்படித் தமிழில் ஒரு புத்தகம் எழுதினால் அந்தக் கிட்டுக்கு மதிப்பே தனி. எழுதியதும் விற்கக் கூடாது. எலெக்ட்ரிக் வேலை தெரியாத மச்சானையோ தம்பியையோ உட்கார வைத்துச் செய்யச் சொல்ல வேண்டும். பக்கத்தில் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அவர் எங்கே தலையைச் சொறிகிறாரோ அங்கே புத்தகம் தப்பு.

புளுகும் வேண்டாம். ஒற்றை இ.எல்.84 கொடுப்பது 5 வாட் பக்கம். ஓர் அறையில் பாட்டுக் கேட்கத் தாராளம். மண்டபத்துக்கு ஆகாது. ஒரு காலத்தில் டேப் ரிக்கார்டர் அட்டையில் '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று அச்சடித்த கூத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை.

வேலையை விட்டு விடாதீர்கள்

இதை நம்பிச் சிப்காட் வேலையை விடுகிறேன், தறியை விற்கிறேன் என்று யாராவது கிளம்பினால் வீட்டார் தடுக்க வேண்டும். ஹீத்கிட்டே கடைசியில் மலிவான ரெடிமேடு செட்டுகளுக்கு ஈடு கொடுக்க முடியாமல் கிட்டை நிறுத்தியது. வாங்குகிற கூட்டம் சின்னது. ஒரு தடவை வாங்கியவர் அடுத்த வருஷமும் வாங்க மாட்டார். ஆனால் "அண்ணே, ஹம் அடிக்குது" என்று போன் மட்டும் வருஷம் முழுக்க வரும். அந்தப் போனை எடுக்கிற நேரத்துக்கும் சேர்த்து விலை வைக்காதவர் கைக்காசைப் போட்டுத் தர்மம் செய்கிறார் என்றுதான் அர்த்தம்.

வரிக் கணக்கும் ஒன்று உண்டு. வருஷ விற்பனை 40 லட்சத்துக்குள் என்றால் சரக்கு விற்பவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தச் சலுகை தமிழ்நாட்டுக்குள் விற்கும் வரைதான். பொதட்டூர்பேட்டைக்கு ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். பக்கத்து நகரிக்கு ஒரே ஒரு கிட்டைப் பார்சல் போட்டாலும் அது வெளிமாநில விற்பனை. பதிவு செய்துவிட்டுத்தான் பார்சலைக் கட்ட வேண்டும்.